தாலிப் படத்தில் அம்மா

முகூர்த்தத்துக்கு முன்னால் மணப்பெண் அழுதால் மேக்கப் போடுகிறவரைத்தான் கூப்பிடுவார்கள். போன ஆவணியில் முதலமடைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் போட்டோகிராபரான என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏனுங்ண்ணா, தாலி கட்டற போட்டோவுல எங்கம்மா இருக்கோணுங்க. எப்படியாச்சும் பண்ணிக் குடுங்க" என்றாள் மணப்பெண் கௌசல்யா.

அவளுடைய அப்பா உயிரோடு இல்லை. மாந்தோப்பைத் தனியாகப் பார்த்துக்கொண்டு மகளை வளர்த்து ஆளாக்கிய அம்மா, தாலி கட்டும்போது மேடை ஏறக் கூடாதாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகப் பெண்ணின் பெரியப்பாவிடம் போனேன்.

"போட்டோப் புடிக்க வந்தா அதப் பாருங்க தம்பி. மொறைய மாத்தறக்கு நீங்க ஆருங்க?" என்றார் அவர்.

சரி, அந்த அம்மாவிடமே பேசலாம் என்று போனால், "நான் வரமாட்டனுங்க சாமி. எம்புள்ள நல்லாருந்தாப் போதுங்க" என்று கும்பிட்டுவிட்டார்.

பெண்ணிடம் திரும்பி வந்து எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். ஒரு கேமராவில் தாலி, இன்னொன்றில் ஸூம் போட்டு அம்மா, ஆல்பத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிடலாம்.

"ஒட்டுப்போட்ட படம் வேண்டாங்ண்ணா. அந்த நேரத்துல நானும் அம்மாவும் ஒண்ணா இருந்தோம்னு தெரியோணும்" என்றாள் பெண். நியாயமான பேச்சு.

இங்கே செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் எஸ்டேட் பெண். மூணாறில் டூரிஸ்ட்டுகளைப் படம் எடுத்துப் பிழைக்கிறவள். மழையில் அங்கே தொழில் படுத்துவிட்டால், மீனாட்சிபுரத்தில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு வந்து கல்யாண வேலை பார்ப்பாள். அன்றைக்கும் என்னோடு வந்திருந்தாள். பழைய கேமரா, ரப்பர் பிடி உரிந்த இடத்தில் சைக்கிள் ட்யூபை ஒட்டியிருப்பாள். லென்ஸ் ஒன்றே ஒன்று, ஸூம் இல்லாத சாதாரண ஃபிஃப்டி எம்.எம். "என் லென்ஸை எடுத்துக்கோ" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "அது கனம்ணே, கை வலிக்கும்" என்பாள்.

கெட்டிமேளம் நெருங்கும்போது அவள் மேடையின் பின்மூலைக்குப் போனாள்.

"பின்னால போனா முதுகுதான் வரும் செல்வி" என்றேன்.

"வரட்டும்ணே. அவுக அம்மா எங்க நிக்கப் போறாகன்னு கேட்டேன். தூணுக்குப் பின்னாடியாம். அங்க ஒரே இருட்டு. பக்கவாசல் படிமேல, வெளிச்சத்துல நில்லுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பொண்ணுகிட்டயும் சொல்லியாச்சு."

மேளம் முழங்கியது. மண்டபமே எழுந்து நின்று அட்சதை போட்டது. நான் முன்னால் நின்று தாலியைப் பிடித்தேன். குறை சொல்ல முடியாத படம். என் லென்ஸின் பெருமையே பின்னால் இருப்பதையெல்லாம் கரைத்துவிடுவதுதான். செல்வி நேர்மாறாகச் செய்தாள். தூரத்தில் இருப்பதும் தெளிவாக விழ அப்பர்ச்சரை நன்றாகச் சுருக்கி, ஷட்டர் மெதுவானதால் கை ஆடாமல் இருக்க மேடைத் தூணில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

அந்தப் படத்தை அவள் கேமராவின் பின்திரையில் பார்த்தேன். மாப்பிள்ளையின் விரல்களில் மஞ்சள் கயிறு. தலையைத் திருப்பிய பெண்ணின் கன்னம். எழுந்து நின்ற கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, பக்கவாசல் வெளிச்சத்தில், அட்சதை போட்ட கையை இறக்காமல் அம்மா. படத்தில் புள்ளி புள்ளியாகக் கிரெயின் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த எந்தத் தாலிப் படமும் அதன் பக்கத்தில் நிற்காது. இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

ஆல்பம் கொடுக்கப் போனபோது அந்த அம்மா மற்ற பக்கங்களைப் புரட்டவே இல்லை.

"ஏனுங்க, அந்நேரத்துல இவ என்னையா பாத்தா? எனக்குக் கண்ணு தளும்பிருச்சுங்க, ஒண்ணுமே தெரியல" என்றார். பிறகு மகளின் கன்னத்தைப் படத்தில் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், கேமராப் பையைத் திறப்பதற்கு முன்னால் நான் கேட்பது இதுதான்: "மேடைக்கு வராதவங்க ஆருங்க? அவங்க எங்க நிப்பாங்க?"