நித்தியகல்யாணி இலைச் சாறு

கழுத்தின் பக்கவாட்டில் கட்டி தட்டுப்பட்டபோது தாலிச் சங்கிலி உரசி வீங்கியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. எழுந்தால் தலையணை நனைந்திருக்கும். கோலாலம்பூரில் பயாப்சி (சதையைச் சிறிது வெட்டியெடுத்துச் சோதிப்பது) செய்து, லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்று) என்றார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது.

ஊசி மருந்து தொடங்கிய வாரமே என் கணவர் காப்பாரிலிருந்து ஒரு பை நிறைய நித்தியகல்யாணி இலை கொண்டுவந்தார். அங்குள்ள எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். இது புற்றைக் கரைக்கும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிள்ளானில் எங்கள் அடுப்பிலேயே கொதிக்கவைத்து வடிகட்டினார்.

“குடிச்சிடு லா, சரோஜா. ஊசி ஒரு பக்கம் வேலை செய்யட்டும், இது ஒரு பக்கம்.”

கசப்பை விழுங்கிவிடலாம். அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லத்தான் முடியவில்லை.

சில வாரங்களில் வாயெல்லாம் புண், நிற்க முடியவில்லை. வெள்ளணுக்கள் (கிருமிகளை எதிர்க்கும் இரத்த அணுக்கள்) மிகவும் குறைந்துவிட்டதாகச் சொல்லித் தனி அறையில் சேர்த்தார்கள்.

“அக்கா, வீட்டுல வேற ஏதாச்சும் மருந்து எடுக்கிறீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். கணவரே சொன்னார்.

“அண்ணே, நாங்க போடுற ஊசியில ஒண்ணு அந்தச் செடியிலிருந்து எடுத்ததுதான். அதை இவங்க உடம்புக்கு அளந்து குடுக்கிறோம். உங்க டம்ளர்ல எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“அப்ப நான்தான் இவளுக்கு விஷம் குடுத்தேனா?”

டாக்டரம்மா கையிலிருந்த தாளை மூடினார். “நிச்சயமா சொல்ல முடியாதுண்ணே. இனிமே குடுக்காதீங்க.”

அதற்குப் பிறகு கணவர் என் கட்டிலருகே வரவில்லை. வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

பிழைத்தேன். கட்டி கரைந்தது. இதே நோயில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இலை கொண்டுவருகிறவர்களைத் திட்டாதீர்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

என் விரல்நுனிகளில் உணர்ச்சி திரும்பவில்லை. அந்த ஊசி நரம்பையும் தொடுமாம். பிரிக்ஃபீல்ட்ஸ் தையல் கடை வேலையை விட்டுவிட்டேன். அடுத்த பரிசோதனைத் தேதிக்குப் பிறகு நடக்கிற கல்யாணத்துக்கு யாராவது அழைத்தால், வருகிறேன் என்று சொல்ல வாய் வருவதில்லை.

ஊசியில் கொட்டி மறுபடி வளர்ந்த முடியை அவர்தான் பின்னிவிடுகிறார். பின்னி முடித்த பிறகும் அவர் கை என் கழுத்தோரம் கொஞ்ச நேரம் நிற்கும், மெல்ல அழுத்திப் பார்க்கும். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.