செண்பகவல்லி டீச்சர் செய்த நிலா

எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற திங்கட்கிழமை காலை அந்தச் செய்தி வந்தது. "முன்னாடி நம்மகிட்ட வேலை பார்த்த டிராயிங் டீச்சர் குற்றாலம் ரோட்டுல வேன் மோதி இறந்துட்டாங்க." அடுத்த நிமிடம் ஒருவர் கேட்டிருந்தார்: "எந்த டீச்சர்? பேரு என்ன?" வெகுநேரம் யாரும் பதில் எழுதவில்லை. எனக்குப் பெயர் தெரியும். நானும் எழுதவில்லை.

அவர் பெயர் செண்பகவல்லி. மேலகரத்துக்காரர். தென்காசியில் எங்கள் பெண்கள் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாக இருந்தார். நான் அங்கே இயற்பியல் ஆசிரியர். ஆசிரியர் அறையில் அவருக்கென்று நாற்காலி கிடையாது. யாராவது விடுப்பு எடுத்தால் அந்த நாற்காலியில் உட்காருவார். எல்லோரும் வந்துவிட்டால் நூலகத்துக்குப் போய்விடுவார்.

நம் விண்கலம் நிலவில் இறங்கியதைப் பிள்ளைகளோடு தொலைக்காட்சியில் பார்த்த மறுநாள், அவர் என்னிடம் வந்தார். "சார், நிலாவோட தென்துருவத்தப் பிள்ளைகள வெச்சு செய்யலாம்னு இருக்கேன். அங்கன சில குழிக்குள்ள வெயிலே விழாதாமே, ஏன் சார்?"

எனக்கு விடை தெரியவில்லை. "நீங்க மாம்பழம் வரையச் சொல்லிக் குடுங்க டீச்சர், நிலாவ நாங்க பாத்துக்கிடுதோம்" என்றேன். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அரிசி ஆலையிலிருந்து உமிச்சாம்பல் வாங்கி வந்தார். ஊறவைத்த காகிதக்கூழில் அதைப் பிசைந்து, இரண்டு மேசை அளவுக்குப் பிள்ளைகளோடு நிலாவின் தரையைச் செய்தார். ஒருநாள் டார்ச்சைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து அவர் சொல்லிக்கொண்டிருந்ததை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். "அங்கன சூரியன் உச்சிக்கு வராது, தரையோட ஒட்டியே சுத்தும். குழியோட வரப்பு மறைச்சிரும். வெயில் படாத எடத்துல பனிக்கட்டி அப்படியே கெடக்கும்."

அதை மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு அனுப்பும் படிவத்தில் முழுநேர அறிவியல் ஆசிரியர்தான் வழிகாட்டியாகக் கையெழுத்திட வேண்டும். "போடும்வே, அந்தம்மா பேரப் போட்டா ஃபாரமே செல்லாது" என்றார் தலைமையாசிரியர். போட்டேன். மேடையில் நடுவர் அதே கேள்வியைக் கேட்டார். ஜன்னலில் கேட்டதை வரி மாறாமல் ஒப்பித்தேன். முதல் பரிசு. கேடயத்தில் என் பெயர். கடைசி வரிசையிலிருந்து கைதட்டிய செண்பகவல்லி, வெளியே வந்ததும், "நல்லா சொன்னீங்க சார்" என்றார். அந்தக் குரலில் குத்தல் ஏதும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் முகமே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அடுத்த ஜூனில் அவரைத் தொடர வைக்கலாமா என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். "தேவையில்ல சார்" என்றேன். அவ்வளவுதான். ஒரு சொல்லில் வேலை போயிற்று.

பிறகு ஒரு சீசனில் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போயிருந்தேன். துண்டு விற்கும் கடையில் வேலைக்கு நின்றிருந்த செண்பகவல்லி, "சார்!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார். நான் நடையை எட்டிப் போட்டேன். "அப்பா, ஒங்களத்தான் கூப்பிடுதாங்க" என்றாள் மகள். "வேற யாரையோ" என்றேன். அவர் காதில் அது விழுந்திருக்கும்.

இப்போது, அந்தக் கடையில் வேலை முடித்து வீடு திரும்பிய ஒரு நாளில்தான் வேன் மோதியிருக்கிறது.

செய்தி வந்த அன்றே மாலையோடு மேலகரத்து வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார்வாள், நீங்க கையெழுத்துப் போட்டதாலதான் பிள்ளைக போட்டிக்குப் போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. வேலை போன அன்னிக்கும், 'சார் லீவு போலிருக்கு, இருந்தா விட்டிருக்க மாட்டாரு'ன்னுதான் சொன்னா."

மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நிலாத்தரை செய்த பிள்ளைகளில் ஒருத்தியான இசக்கியம்மாள், இப்போது கல்லூரி மாணவி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என் கை நின்றதைப் பார்த்தாள்.

"போடுங்க சார். டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

போட்டேன். சாரல் விழுந்துகொண்டிருக்க, அவரைத் தூக்கிப் போனார்கள். தெருமுனை வரை அன்று நிலா செய்த பிள்ளைகள் பின்னால் நடந்தார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

டீச்சர், அன்றைக்கு நான் விடுப்பில் இல்லை. இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை உங்கள் கணவருக்கு அனுப்புகிறேன். என்னைப் பற்றிய நல்லெண்ணத்தோடு போய்விட்டீர்கள்; அவராவது அது இல்லாமல், உண்மை தெரிந்து இருக்கட்டும். விடைபெறுகிறேன்.