கூட்டின மிளகு

இன்றும் சாயங்காலம் வேலை முடிந்ததும் குடோன் வாசலில் வந்து நின்று, யாரும் கேட்பதற்கு முன்பே மடியை அவிழ்த்து மூன்று தரம் உதறுகிறாள் சந்தனமாரி. பிறகு கொண்டைக்கும் ஒரு உதறல். வாசல்காரர் முகமது இஸ்மாயில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மதி பெண்ணே, போதும் போ" என்பார். "நீங்க பாக்கணும் காக்கா. பாக்காம விட்டா நாளைக்கு உங்களுக்கும் பேச்சு, எனக்கும் பேச்சு." அவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் படி இறங்குவாள்.

என் பெரியம்மா மகள் மாயம்மாளுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் இவள். நடு மகள் பாலக்காட்டில் வாழ்க்கைப்பட்டாள், கடைசி மகள் அம்மையில் போனாள். அந்த முறையில் இவள் எனக்கு மருமகள். முனிசிபாலிட்டியில் வேலை பார்க்கிற காளிமுத்துவைக் கட்டிக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த வருஷமே மிளகு புடைக்கப் போய்விட்டாள். ஆள் குட்டை, கை நீளம். முறத்தைக் கையில் எடுத்தால் பேச மாட்டாள். ஒரு மணியை விரலில் உருட்டிப் பார்த்து, "இது வயநாடு. இது பாலா ஊர்க்காரன் கொடி" என்று சொல்லிவிடுவாள். தரம் பார்க்கிற சேட்டன்மார் சந்தேகம் வந்தால் அவளைக் கூப்பிட்டுக் கேட்பதுண்டு. கேட்டோம் என்று மட்டும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

குடோன்களில் ஒரு வழக்கம் உண்டு. தரையில் சிந்தினதை மாலையில் கூட்டுகிறவளுக்கே அந்தக் கூட்டுமண் சொந்தம். எங்கும் எழுதி வைத்ததில்லை. மற்றப் பெண்கள் அதை அப்படியே மண்ணும் தூசியுமாகச் சந்தையில் அரைவிலைக்குத் தள்ளிவிடுவார்கள். இவளுக்கு மனசு ஒப்பாது. மூன்று தண்ணீரில் கழுவி, மிதக்கிற பதரைத் தள்ளி, பாயில் காயவைத்து, சலித்து, காளிமுத்துவின் பழைய வேட்டித் துணியில் போட்டு உருட்டி மினுக்குவாள். பார்த்தால் கப்பலுக்குப் போகிற முதல் தரம் போல இருக்கும். அந்தச் சுத்தம்தான் அவளைக் கொண்டுபோய்க் கூண்டில் நிறுத்தியது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், நல்ல மழைக்காலம். குடோனில் மூன்று சாக்கு மிளகு காணாமல் போனது. போலீஸ் வந்து புடைக்கிற பெண்களின் வீடுகளைக் கலைத்தது. நாலு வீட்டில் மிளகு கிடைத்தது. மூன்று வீட்டில் மண்ணோடு கிடந்தது. இவள் வீட்டில் ஒரு தகரம் நிறைய மினுமினுவென்று இருந்தது. நாலு பேர் மேலும் ஒரே கேஸ்: திருட்டுச் சொத்து என்று தெரிந்தே வாங்கி வைத்தார்கள்.

அந்தக் கோர்ட்டில் இந்த மாதிரி கேஸ் எப்படிப் போகும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். குற்றத்துக்குச் சம்மதித்தால் கோர்ட் கலைகிற வரை மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், மேலே கொஞ்சம் அபராதம் கட்ட வேண்டும். மறுத்துப் பேசித் தோற்றால் ஜெயில். முந்தின வாரம்தான் ஒரு சைக்கிள் கேஸில் மறுத்தவனுக்கு மூன்று மாதம் போட்டிருந்தார்கள். கேஸில் மாட்டின நீலாம்பாளும் மற்ற இருவரும் தலையை ஆட்டிச் சம்மதித்தார்கள். மாலையில் எழுந்து வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் எந்தக் குடோனும் அவர்களை உள்ளே விடவில்லை. நீலாம்பாள் தோப்பும்படிக்குச் செம்மீன் என்கிற இறால் உரிக்கப் போனாள். மிளகுக்காரி கையில் செம்மீன் முள் குத்தியதை ஊரே பார்த்தது.

காளிமுத்து என் எதிரிலேயே அவளிடம் கெஞ்சினான். ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தால் யாரும் செத்துப்போவதில்லை என்றான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உக்காந்து எந்திரிச்சா நான் கள்ளி. பொறவு எந்த வாசலு தொறக்கும்?"

"ஜெயிலுக்குப் போனா மட்டும் தொறக்குமாடி?"

களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

கேஸ் நாளன்று நானும் போனேன். வக்கீல் வைக்க வழியில்லை. சாட்சிக்கு வந்தவர் குடோன் கணக்குப்பிள்ளை ராமபத்ரன். பாலக்காட்டு ஐயர், அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். தகரத்து மிளகு எங்கள் குடோன் மிளகு போலத்தான் இருக்கிறது என்று போலீஸுக்கு எழுதிக்கொடுத்தவரும் அவர்தான். கூட்டுமண் கம்பெனிக்கே சொந்தம் என்று சொல்லச் சொல்லி முதலாளி அனுப்பியிருக்கிறார் என்று வராந்தாவில் பேச்சு. அவர் சந்தனமாரி இருந்த பக்கமே பார்க்கவில்லை.

சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று மஜிஸ்ட்ரேட் அவளிடம் கேட்டார். கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி அவள் ராமபத்ரன் பக்கம் திரும்பினாள்.

"சாமி, தரையக் கூட்டினா அந்தக் கூட்டு யாருக்கு?"

ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். மஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். பின் பெஞ்சில் குடோன் ஆள் ஒருவன் தொண்டையைச் செருமினான். ஒரு வார்த்தையில் அவள் ஜெயிலுக்கு உள்ளே, ஒரு வார்த்தையில் இவர் வேலைக்கு வெளியே.

"கூட்டினவாளுக்குத்தான்" என்றார் ராமபத்ரன். "எங்கப்பா கணக்கெழுதின நாள்லேர்ந்தே அப்படித்தான்."

போலீஸ்காரர் விடவில்லை. கூட்டுமண் என்றால் மண் எங்கே, இத்தனை சுத்தமாக மிளகு தரையில் கிடக்குமா என்று தகரத்தைத் தூக்கிக் காட்டினார். மஜிஸ்ட்ரேட்டும் எட்டிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். மூன்று தண்ணீர்க் கதையை அவள் சொன்னாள். அது அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்போது அவள், ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் பரப்பச் சொன்னாள்.

"எஜமானே, காணாமப் போன சாக்கு ஒரே மலைச் சரக்கு. சாமியக் கேளுங்க. இதுல பாருங்க, இது உருண்டை, இது சுருக்கம், இது செவப்பு ஓடினது. ஏழெட்டு மலை இருக்கு. ஒரு சாக்குல இப்படி வருமா? தரையில தான் வரும்."

ராமபத்ரனைக் கேட்டார்கள். மூன்று சாக்கும் வயநாட்டுச் சரக்குத்தான் என்றார். மஜிஸ்ட்ரேட் தானே விரலால் மணிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அது ஒரு யுகம் போல இருந்தது. கடைசியில், விட்டேன், தகரத்தையும் அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று எழுதினார். ராமபத்ரன் அந்த மாதமே யூதர் தெருவான ஜூ டவுனில் வேறு கம்பெனிக்குப் போனார். போனாரா, அனுப்பினார்களா என்று அவர் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தகரத்தை வாங்க வரச்சொல்லி ஆள் வந்தது. அவளோடு நானும் துணைக்குப் போனேன். பிடித்த சரக்கை வைக்கிற அறையில் நாலு வீட்டு மிளகையும் ஒரே சாக்கில் கொட்டி வைத்திருந்தார்களாம். குமாஸ்தா அதிலிருந்து தகரம் நிறைய அள்ளிக் கொடுத்தார். ரசீதில் வைக்க அவள் பெருவிரலில் மை தடவினார். அவள் தகரத்துக்குள் பார்த்தாள். கையை விட்டு அடிவரை கிளறினாள்.

"சேட்டா, இதுல மண்ணு கெடக்கு. இது நீலாம்பா வீட்டு மொளகு."

எல்லாம் மிளகுதானே, அளவு சரியாக இருக்கிறது, விரலை வைத்துவிட்டுப் போ என்றார் அவர்.

சந்தனமாரி தகரத்தை மேஜைமேல் அவர் பக்கமாகத் தள்ளிவைத்தாள். மை பூசின விரலை முந்தானையில் அழுத்தி, நகக்கண் வரைக்கும் துடைத்தாள்.