சாந்தாமணி பார்க்காதது

பல்லடத்தில் ஒரு விசைத்தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலை சாந்தாமணிக்கு. புருஷன் இறந்த பிறகு அந்தக் கூலியில்தான் ஒரே மகள் பிரவீனாவைப் படிக்கவைத்து, கோவையில் பம்ப்செட் கம்பெனியில் இருந்த சுரேந்தருக்குக் கட்டிக்கொடுத்தாள்.

இரண்டாம் வருஷத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. கையை முறுக்கினான், சுவரில் தள்ளினான் என்று மகள் தணிந்த குரலில் சொல்வாள். தறிச் சத்தத்தில் பாதி கேட்காது. சாந்தாமணி வெளியே ஓடிவந்து நின்று கேட்பாள்.

"ஒருக்கா வந்து என்னையப் பாத்துட்டுப் போம்மா."

"ஞாயித்துக்கெழமை வாரேன் கண்ணு. பொறுத்துக்க."

அந்த ஞாயிறும் தறி ஓடியது. அடுத்த ஞாயிறும் ஓடியது. மூன்றாம் வாரம் பிரவீனாவே ஒரு பையோடு வந்து இறங்கினாள். அதற்குள் காயங்கள் ஆறியிருந்தன. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். வழக்கு நடந்தது. ஆனால் சாட்சி சொல்லும் முறை வருமுன் பிரவீனாவுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தே நாளில் போய்விட்டாள்.

கூண்டில் சாந்தாமணி ஏற வேண்டியிருந்தது. அவளுடைய அண்ணன் சுப்பண்ணன் முதல் நாளே வந்து சொன்னார்.

"அவன் அடிச்சதைப் பாத்தேன்னு சொல்லிப்போடு அம்மணி."

"என்ற புள்ள சொன்னது நெசமுங்ண்ணா. நெசத்துக்கு எதுக்குங்க பொய்யி?"

மகள் சொன்னதை மட்டும் சொன்னாள். மாஜிஸ்திரேட் நம்பினார். சுரேந்தருக்கு ஒரு வருஷம் தண்டனை. அவன் ஜாமீனில் வந்து மேல்முறையீடு செய்தான்.

கோவை செஷன்ஸ் கோர்ட்டில் அவனுடைய வக்கீல் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: இந்த அம்மா எதையும் பார்க்கவில்லை, மகள் சொன்னதாகச் சொல்கிறார், சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. பதினாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. தண்டனை ரத்து.

இலவச சட்ட உதவியில் உடனிருந்த வக்கீல் அன்புச்செல்வி, வராந்தாவில் அவளை உட்காரவைத்தாள்.

"அவன் அடிச்சதுனால செத்திருந்தா, பிரவீனா சொல்லிட்டுப் போனதைச் சட்டம் ஏத்துக்குமுங்க. காய்ச்சல்ல போயிட்டாங்க. அதனால நீங்க சொன்னது வெறும் கேள்விப்பட்டதுன்னு தள்ளிட்டாங்க."

"நான் அன்னிக்கே போயிருந்தா?"

அன்புச்செல்வி கேஸ் கட்டை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க கண்ணு."

"காயத்தைப் பாத்திருந்தா... அது சாட்சிதானுங்க." அவசரமாகச் சேர்த்தாள்: "ஹைகோர்ட்டுக்குப் போலாமுங்கம்மா."

"அங்கயும் பாத்தியான்னுதானே கேப்பாங்க?"

படியில் இறங்கும்போது சுரேந்தர் பின்னாலேயே இறங்கி வந்தான். மெலிந்திருந்தான். கும்பிட்டான்.

"போயிட்டு வாரேனுங்க அத்தை."

"சரிங்க மாப்பிள்ளை."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே உறைத்தது. பழைய பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சிங்காநல்லூரில் பல்லடம் பஸ் ஏறினாள். சூலூர் தாண்டியதும் உள்ளங்கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஒருமுறை, இன்னொருமுறை. பக்கத்து சீட்டுப் பெண் பதறி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, என்னாச்சுங்க?"

சாந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை.