மூஞ்சியை மறைத்தோம், மாட்டை மறந்தோம்

போனில் வீடியோ எடுப்பது எப்படி என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். பேசுகிறவருக்கு ஆபத்து என்றால் மூஞ்சியை மங்கலாக்கு, குரலை மாற்று. அவ்வளவுதான் பாடம். சொல்லிக் கொடுத்தவர்கள் பட்டணத்துக்காரர்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன? எங்கள் ஊரில் ஆளை மூஞ்சி பார்த்தா கண்டுபிடிக்கிறார்கள்? இருட்டில் இருமினாலே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள்.

சோழபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலேஜ் படிக்கிற நானும் என் தோழியும் ஊர்ச் சங்கதிகளை வீடியோவாக எடுத்துச் சேனலில் போட்டு வந்தோம். ரோடு, தெருவிளக்கு என்று போய்க்கொண்டிருந்தபோதுதான் கண்மாய்த் தண்ணீர் நுரைக்க ஆரம்பித்தது. பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறை ஒன்று ஓடைக்கரையில் இருக்கிறது. கழிவை ஓடையில்தான் திறந்து விடுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். வாய் திறக்கத்தான் ஆளில்லை. பாதி வீட்டு அடுப்பு அந்தப் பட்டறைச் சம்பளத்தில்தான் எரிகிறது.

பேச வந்தது என் சித்தி. அம்மாவின் தங்கை, பக்கத்து வீடு, அதே பட்டறையில் வேலை.

"மழை பெய்யும்போது தெறந்து விடுவாக ஏட்டி. வெள்ளத்தோட வெள்ளமாப் போயிரும்ல. நான் கண்ணால பாத்தத சொல்லுதேன். ஆனா நான்னு தெரிஞ்சா என் பொழப்பு போச்சு, பாத்துக்கோ."

சித்தப்பா போன பிறகு அவள் சம்பளத்தில்தான் மகன் படிக்கிறான். அதனால் பயந்து பயந்து வேலை செய்தோம். மூஞ்சியை மங்கலாக்கினோம். குரலை மாற்றினோம். சேலையைக்கூட வேறு வீட்டில் இரவல் வாங்கிக் கட்டச் சொன்னோம். அவளுக்குப் பின்னால், ஒற்றைக் கொம்பு கீழே சாய்ந்த செவலை மாடு அதுபாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதை யார் கவனித்தார்கள்!

வீடியோ போட்ட அன்று சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா என்னை மறித்தாள். "ஏட்டி, ஒங்க சித்தி மாடு வீடியோவுல எளச்சுத் தெரியுதே. தீவனம் பத்தலையோ?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம்! வீடியோவை உடனே சேனலிலிருந்து தூக்கினோம். என்ன பிரயோசனம்? அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராய்ப் போய்விட்டது.

மறுநாள் பட்டறை மேனேஜர் பைக்கில் வந்து இறங்கினார். குழாயடியில் நின்ற எங்களிடம் போனை நீட்டி, "இது யார் மாடு?" என்றார்.

எதிர்வீட்டு அக்கா கண்ணிமைக்காமல் சொன்னாள். "மிலிட்டரிக்காரரு மாடு சார்."

பொய்யில்லை. அது வாரத்து மாடு. வாங்கிக் கொடுத்தவர் மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்ற மேலத்தெருக்காரர், வளர்ப்பது சித்தி, கன்றில் ஆளுக்குப் பாதி. மேனேஜர் அவர் வீட்டுக்கும் போனார். "மாடு என்னுதுதான். இப்ப என்னங்கீக?" என்று அவர் மீசையைத் தடவியதும் திரும்பிவிட்டார்.

தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் காலையில் பட்டறை வேன் எங்கள் தெருவுக்குள் வரவில்லை. தூக்குவாளியோடு நின்ற பெண்களுக்கு டிரைவரிடமிருந்து போன் வந்தது. பேசியது யார் என்று சொன்னால் வண்டி வரும். ஒருத்தியும் சித்தியின் பெயரைச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க வேன் வரவில்லை. என்னைப் பார்க்கிற பார்வையிலேயே எரித்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டவள் நான்தானே.

"எனக்காக எம்புட்டு வீடு பட்டினி கெடக்கும்?" என்று சித்தி அவளே மேனேஜருக்குப் போன் போட்டாள். "நான்தான் சார் பேசுனேன். அவுகளுக்கு ஒண்ணுந் தெரியாது."

வேன் வந்தது. அவளைத் தவிர எல்லோரும் ஏறினார்கள். வாசலில் நின்ற அவளை ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று அத்தனை பேரையும் மனதுக்குள் வைது தீர்த்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் மழை கொட்டியது. அப்போது தெரியாத நம்பரிலிருந்து என் போனுக்கு வீடியோ வந்தது. பட்டறைக்குள் எடுத்தது. குழாயிலிருந்து ஓடைக்குள் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் பாய்கிறது. எடுத்தவளின் கை அதைச் சுட்டிக் காட்டுகிறது. பேச்சே இல்லை.

நனைந்துகொண்டே சித்தி வீட்டுக்கு ஓடினேன். இனி யாரும் மறுக்க முடியாது, அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சித்தி திரும்பத் திரும்பப் பார்த்தாள். மூஞ்சி வெளிறிப் போயிற்று.

"யாரு கைன்னு தெரியுதா சித்தி?"

"யாரா இருந்தா ஒனக்கென்ன? மொதல்ல அந்த வளவிய மறை. மணிக்கட்டுல தழும்பு இருக்கு பாரு, அதையும் மறை. அவளுக்கு ரெண்டு புள்ளைக."