இரண்டு அம்மா தெரிந்த நாட்கள்

எனக்கு மாறுகண் விழுந்தது 1974இல். இதை உறுதியாகச் சொல்ல என்னிடம் இரண்டு புகைப்படங்கள் இருக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டுத் தீபாவளிக்குத் தானா ராத்தா டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்ததில் என் இரு கண்களும் ஒழுங்காகக் கேமராவைப் பார்க்கின்றன. தம்பி பிறந்த பிறகு அவனை என் மடியில் கிடத்தி எடுத்ததில் வலது கண் மட்டும்தான் பார்க்கிறது. இடது கண் மூக்கின் பக்கம் ஒதுங்கி, வேறு ஏதோ யோசனையில் இருக்கிறது. அப்போது எனக்கு நான்கு வயது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் இதை யாரும் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. மாறுகண் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் நம்பினார்கள். அதிகமாக நம்பியவர் மாமா. அம்மாவின் தம்பியான அவர் கோலா தெர்லாவிலிருந்து கோஸும் தக்காளியும் ஏற்றிக் கீழே இறங்கும் லோரியில் வேலை பார்த்தார். நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல் நாட்களில் வாசலில் வந்து குந்திக்கொள்வார்.

“சொல்லு பாப்பா, என்ன நம்பர்லா தெரியுது?”

“அதுக்குத் தெரியறது மூக்கு நுனி. அதுல நம்பரா எழுதி ஒட்டியிருக்கு?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பாள்.

நான் ஏதாவது நான்கு எண்களைச் சொல்வேன். ஒருமுறையும் விழுந்ததில்லை. மாமாவின் நம்பிக்கை அதனால் குறைந்ததும் இல்லை.

அம்மா அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. தினமும் கொழுந்து பறிக்கப் போகுமுன் என் இடது நெற்றிப்பொட்டில் மையால் பெரிதாக ஒரு பொட்டு வைப்பாள். கண் அந்தக் கறுப்பைப் பார்க்க ஆசைப்பட்டு வெளிப்பக்கம் திரும்பிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூடுபனி ஈரத்தில் மை கன்னத்தில் வழிந்ததே தவிரக் கண் திரும்பவில்லை.

1976இல் எனக்குத் தலைவலி தொடங்கியது. படப் புத்தகத்தைப் பிடித்தாலே கண்ணீர் வடியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதில் மருந்து கொடுக்கும் டிரஸர் எங்களை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மாமாவின் லோரியில் முன்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வாந்தியெடுத்துக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தோம். கண் டாக்டர் சீனர். மருந்து விட்டார், விளக்கை அடித்துப் பார்த்தார், மலாயில் மாமாவிடம் வெகுநேரம் பேசினார். வெளியே வந்து மாமா அம்மாவுக்குச் சொன்னார்.

“பாப்பாவுக்கு இருக்கிறது தூரப்பார்வையாம்க்கா. தூரத்துல உள்ளது தெரியும், கிட்ட உள்ளதப் பாக்கத்தான் கண்ணு ரொம்ப முக்குதாம். அப்படி முக்கும்போது உள்ள திரும்பிடுதாம். கண்ணாடி போட்டா முக்க வேணாம். எப்பவும் போட்டிருக்கணும்லா.”

இதைப் பற்றி நான் பிற்காலத்தில் நிறையப் படித்திருக்கிறேன். மாமாவின் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் குறைந்தது. அதை டாக்டர் சொல்லவில்லையா, சொல்லியும் மாமாவின் மலாய்க்கு எட்டவில்லையா என்பதை இனி யாரிடமும் கேட்க முடியாது.

கண்ணாடி வந்தது. போட்ட சில நாட்களிலேயே என் கண்கள் இரண்டும் நேராக நின்றன. அம்மா என்னைப் பெரட்டுக்களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம் அது. கங்காணியிலிருந்து கடைசி வரிசைப் பெண்வரை என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் “சோடாபுட்டி” என்றார்கள். பனியில் கண்ணாடி வெளுத்துப்போகும், நான் பாவாடை நுனியில் துடைத்துக்கொள்வேன். தலைவலி போயிற்று. மாமாதான் கொஞ்சம் வருத்தமாக இருந்தார்.

“நல்லா இருந்த அதிர்ஷ்டத்த நேராக்கிப்புட்டாங்க,” என்றார்.

குறைந்துபோன அந்த வாக்கியம் அம்மாவின் கண்ணில் பட்டது நான் குளிக்கும்போது. கண்ணாடியைக் கழற்றி, முகத்தில் சோப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றி நிமிர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். அன்று மாலை அடுப்பங்கரை விளக்கடியில் என்னை உட்காரவைத்துக் கண்ணாடியைப் போட்டும் எடுத்தும் பார்த்தாள். போட்டால் நேராக நின்ற கண், எடுத்ததும் உள்ளே ஓடியது.

“முன்ன கொஞ்சமாத்தான் திரும்புச்சு. இப்பக் கழட்டுனா கருவிழி பாதியக் காணோம்,” என்றாள் அப்பாவிடம்.

“டாக்டரு எப்பவும் போடத்தானே சொன்னாரு?”

“சம்சு விக்கிறவனும் எப்பவும் குடிக்கத்தான் சொன்னான். அவன் பேச்சக் கேட்டிருந்தா நீங்க இன்னிக்கு உக்காந்து தேத்தண்ணி குடிப்பீங்களா?”

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

சம்சு என்பது தோட்டங்களில் ஓடிய மலிவான சாராயம். தேயிலை பேக்டரியில் வேலை செய்த அப்பா ஒரு காலத்தில் அதில் மூழ்கிக் கிடந்தார். குடிக்காவிட்டால் கை நடுங்கும், குடித்தால் நின்றுவிடும். தம்பி பிறந்த வருடம் அம்மா அவருக்கு மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டி அடியோடு நிறுத்தினாள். அவர் நடுங்கினார், வேர்த்தார், சுவரில் தலையை இடித்துக்கொண்டார். அம்மா அசையவில்லை. பிறகு ஒருநாள் நடுக்கம் தானாக அடங்கியது. எங்கள் லயத்தில் வேறு எந்த வீட்டிலும் அது நடக்கவில்லை. போட்டால் நிற்கிறது, எடுத்தால் ஆடுகிறது என்றால் அது என்ன என்று அம்மாவுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

“கண்ணு கண்ணாடிக்குப் பழகிப்போச்சுங்க. நிறுத்துனா கொஞ்ச நாளு ஆடும். அப்புறம் அடங்கிடும்.”

கண்ணாடி அப்பாவின் கைக்குட்டைக்குள் சுற்றப்பட்டுத் தகரப்பெட்டிக்குள் போனது. அது 1977, நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், முதல் தவணை விடுமுறைக்குச் சற்று முன்பு.

தலைவலி திரும்பி வந்தது. அதோடு ஒரு புதுமையும் வந்தது. எல்லாம் இரண்டாகத் தெரிந்தன. அடுப்பில் இரண்டு பானை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிவரும் அம்மா இரண்டு.

“ரெண்டு அம்மா வர்றாங்க,” என்றேன்.

“நெசமா ரெண்டு பேரு இருந்தா ஒருத்தி மலைக்குப் போவேன், ஒருத்தி சோறாக்குவேன்,” என்றாள். சிரித்தாள். ஆனால் அன்றிரவு என் தலைக்கு எண்ணெய் தேய்த்த கை வெகுநேரம் நிற்கவில்லை. நான் கண்ணாடி கேட்டு அழுதேன். அவளும் அழுதாள். தகரப்பெட்டியைத் திறக்கவில்லை. “அப்பா பட்ட பாட்டவிடவா? பல்லக் கடிச்சிக்க, பாப்பா,” என்று மட்டும் சொன்னாள்.

அம்மா சொன்னபடியே நடந்தது. ஆகஸ்டு விடுமுறையில் ஒருநாள் அவள் மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது, ஒரே அம்மாதான் வந்தாள். தலைவலியும் அந்த வாரத்தோடு நின்றது. கண் நேராகவில்லைதான். ஆனால் ஆட்டம் அடங்கிவிட்டது, இனி மெல்லத் திரும்பிக்கொள்ளும் என்று அம்மா சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். லயத்துக்கே வாழையிலையில் வைத்துக் கொடுத்தோம். முந்திரி போட்ட பொங்கலை அதற்குமுன் நான் தின்றதில்லை.

அதன்பின் ஐந்தரை ஆண்டுகள் யாரும் என் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. 1983இல் தமிழ்ப்பள்ளியை முடித்து டவுன் பள்ளியில், இடைநிலைக்கு முன் ஒரு வருடம் மலாய் படிக்கவைக்கும் புதுமுக வகுப்பில் சேர்ந்தேன். பரிசோதனைக்கு வந்த தாதி என் வலது கண்ணை அட்டையால் மறைத்து, எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். எந்த எழுத்து என்று கேட்டேன். அட்டையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

மறுபடியும் ஈப்போ. மாமா அதற்குள் ஜொகூர் பக்கம் போய்விட்டார், அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் பஸ்ஸில் இறங்கினோம். டாக்டர் இந்த முறை ஒரு மலாய்ப் பெண்மணி, இளையவர். நான்தான் மொழிபெயர்ப்பாளர். பள்ளியில் மலாயில் நான்தான் முதல். அவர் முன்னால் தவறில்லாமல் பேச வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இருந்ததாக நினைவில்லை.

இடது கண்ணில் நோய் எதுவும் இல்லை, ஆனால் அதற்குப் பார்க்கத் தெரியாது என்றார் டாக்டர். சொன்னேன்.

“கண்ணாடி போட்டா?” என்றாள் அம்மா. கேட்டேன். அந்த வயது கடந்துவிட்டது.

“ஆபரேசன்?” கேட்டேன். நேராக்கலாம், பார்வை வராது.

“எப்பலேருந்து இப்படின்னு கேளு.”

டாக்டர் என்னைத் திருப்பிக் கேட்டார். சின்ன வயதில் எப்போதாவது இரண்டிரண்டாகத் தெரிந்ததா? தெரிந்தது. எப்போது நின்றது? தேதிகளில் நான் அப்போதே கெட்டி. ஒன்றாம் வகுப்பு, ஆகஸ்டு விடுமுறை என்று உடனே சொன்னேன். டாக்டர் தலையசைத்தார். மூளையால் இரண்டு படங்களைத் தாங்க முடியாது, ஒன்றை மூடிவிடும், மூடியதும் வலி நின்றுவிடும், வீட்டில் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள் என்றார். கண்ணாடியைக் கழற்றினால் கண் முன்னைவிட உள்ளே போவதுபோல் தெரிவது சகஜம், அதற்காகப் போடாமல் இருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். மூளை மூடிவிடும் என்ற இடத்தை அம்மாவுக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, இன்னொரு முறை நிதானமாக விளக்கினேன். அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என் மலாய் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை, கூச்சமாக இருந்தது.

வெளியே வெயில். மலையில் இருப்பவர்களுக்கு ஈப்போ வெயில் எப்போதும் அதிகம். நடைபாதை வரை என் வலப்பக்கம் வந்த அம்மா, சாலையைத் தொடும் முன் பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்து என் கையைப் பிடித்தாள். எனக்குப் பதின்மூன்று வயது. டவுன் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று உதறினேன். மறுபடியும் பிடித்தாள். பஸ் நிலையம் வரை விடவில்லை. கடைகளைப் பார்க்கவில்லை. அடிக்கடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

புழுக்கம் தாங்கவில்லைபோலும் என்று நினைத்தேன். மாமா துணையில்லாமல் முதல்முறை இவ்வளவு பெரிய ஊருக்கு வந்திருக்கிறாள், வழி தவறிவிடுவோமோ என்று பயப்படுகிறாள், பாவம் என்றும் நினைத்தேன்.

“பயப்படாதம்மா. நான்தான் இருக்கேன்ல,” என்றேன்.