விசைகளின் மேல் ஐந்து சொட்டுப் பால்

மலேசியாவில், ரந்தாவுக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் என் கணவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். விடியலில் ஆட்கள் கூடும் பெரட்டுக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று செக்ரோல் பதிவேட்டில் பதிவது அவருடைய வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆபீசுக்குக் கணினி வந்தது. அதற்குள் இனிப்புநீர் நோய் அவருடைய பார்வையில் பெரும்பகுதியைத் தின்றிருந்தது. சுவர் நாட்காட்டியின் பெரிய தேதி எண் தெரியும். கணினித் திரையின் பச்சை எழுத்து தெரியாது. வேலை ஓடுகிறவரை ஓடட்டும் என்று மேனேஜர் விட்டிருந்தார். வேலை போனால் நாங்கள் குடியிருந்த தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

இளவயதில் தட்டச்சுப் பயின்றவர் அவர். ஆனால் இந்த விசைப்பலகை அகலமானது. விரல் வழிதவறினால் திரும்பி வர அடையாளம் எதுவும் இல்லை. ஒரு காலை, பால்மரத்துக் கோப்பையில் வடிந்த ரப்பர்பாலை எடுத்துப் போய், மேனேஜரின் அனுமதியோடு ஈர்க்கால் தொட்டு எல்லா விசைகளிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தேன். காய்ந்ததும் ஒவ்வொன்றும் சிறு மருவைப் போல எழுந்து நின்றது. அவர் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"எல்லாக் கல்லுக்கும் பொட்டு வச்சிட்ட. இதுல சாமி எதும்மா?"

அவர் சொன்ன பிறகே என் தவறு புரிந்தது. நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தேன்; ஒட்டுப்பாலைப் போல இழுபட்டு வந்தன. விரல்களுக்கு வழிகாட்ட ஐந்தை மட்டும் விட்டுவைத்தேன். அந்த ஐந்தும் அவருக்குப் போதுமாயிருந்தன.

திரை எந்த வரிசையில் கேள்வி கேட்கும் என்பதை மனப்பாடம் செய்துகொண்டார். தவறான விசையை அழுத்தினால் கணினி ஒருமுறை கூவும். ஆட்களின் எண்கள் அவருக்கு முன்பே மனப்பாடம். அச்சாகி வருவதைப் பக்கத்து மேசைப் பெண் வாசித்துச் சரிபார்ப்பாள். இப்படி இரண்டு ஆண்டுகள் ஓடின. அதற்குள் நாட்காட்டியின் பெரிய எண்ணும் அவர் பார்வையை விட்டுப் போனது.

பிறகு தலைமை அலுவலகம் புதிய புரோகிராமை அனுப்பியது. அதில் எல்லாவற்றுக்கும் மவுஸ். திரையில் அலையும் அம்புக்குறியைக் கண்ணால் தொடர்ந்து, உரிய இடத்தில் அழுத்த வேண்டும். அவர் அந்த மவுஸை உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார்.

"இதுல எங்க பால் வைப்ப?"

மாத முடிவுவரை பார்ப்பதாக மேனேஜர் சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கணினியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதியின் துணையோடு நான் படித்து முடித்தேன். மவுஸ் இல்லாமல் விசைகளாலேயே பல வேலைகளைச் செய்யலாம் என்று அதில் இருந்தது. ஆனால் எங்கள் செக்ரோல் புரோகிராம் எந்த விசைக்கும் மசியவில்லை. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் அதை எழுதியவருக்கே கடிதம் எழுதப்போவதாகச் சொன்னதும் என் கணவர் திடுக்கிட்டார்.

"கிராணி பொஞ்சாதி கேயெல்லுக்கு லெட்டர் போடுறதா? மேனேஜர் என்ன நெனப்பாரு?"

அவருடைய அச்சம் எனக்கு விளங்காமல் இல்லை. தோட்டத்தில் ஒரு வேண்டுகோள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் தொடங்கிக் கிராணியிடம் வந்து, மேனேஜரிடம் போய், அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும். படி தாண்டிப் பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை.

"மாசக் கடைசியில அவரு என்ன நெனப்பாருன்னு தெரியுமுங்க. இப்ப எழுதினா என்ன கெட்டுப்போகும்?" என்றேன்.

அவர் தடுக்கவில்லை.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. புரோகிராமை எழுதியவரே வந்தார். நடுவயதுச் சீனர். என் கணவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, பத்து மணிக்குத் தொடங்கியவர் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விசை. தவறினால் முன்புபோலக் கூவும். விசைப்பலகையில் ஒரு சொட்டின் மேல் அந்தச் சீனரின் விரல் பட்டு நின்றது.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"பால்," என்றார் என் கணவர்.

வந்தவர் ஒவ்வொரு சொட்டாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு தயக்கத்தோடு சொன்னார்: "பழைய புரோகிராமும் நான் எழுதியதுதான். அதிலேயே எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கித் தந்திருப்பேனே. அப்போது உங்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும் அல்லவா? யாரும் கேட்கவில்லை."

வேலை நிலைத்தது, வீடும் நிலைத்தது. மேனேஜர் அன்றே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சுவரைத் தடவிக்கொண்டே போய், நாட்காட்டியின் முன் நின்றார். தாளின் மேல் கையை வைத்தார்.

"இன்னிக்கு என்ன தேதிம்மா?"

சொன்னேன்.

"ரெண்டு வருசம்," என்றார். "ரெண்டு வருசம் அந்தத் திரைய நானே படிச்சிருக்கலாம்."

அன்றைய தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.